வகுப்பு தொடங்கும் முன் ஒரு வரவேற்பு முகாம்: காது கேளாமை உள்ள மாணவி எடுத்த முடிவு

இது பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவியைப் பற்றிய ஆய்வு. அவருடைய சம்மதத்துடன், படித்துப் பார்த்து அவர் ஒப்புக்கொண்ட பிறகு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். மாற்றுத்திறன் உள்ள மாணவர்களுக்கான உதவிப் பிரிவில் ஆலோசகராக இருந்து இதை ஆரம்பம் முதல் பார்த்தேன். இதே கேள்வியோடு வரும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும், முகாம் நடத்துகிறவர்களுக்கும் இது உதவும்.

பின்னணி

மாணவிக்கு 18 வயது. சிறு வயதிலிருந்தே இரண்டு காதிலும் நடுத்தர அளவு கேளாமை. இரண்டு காதிலும் கருவி போட்டிருக்கிறார், உதட்டசைவையும் பார்த்துப் புரிந்துகொள்வார். அமைதியான அறையில் எதிரே உட்கார்ந்து பேசினால் அவருக்குக் கேளாமை இருப்பதே பலருக்குத் தெரியாது. பள்ளிப்படிப்பு முழுவதும் ஒரே பள்ளியில். எந்தப் பக்கம் உட்கார வேண்டும், எப்போது திரும்பிப் பார்த்துப் பேச வேண்டும் என்பதெல்லாம் கூடப் படித்தவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. அதனால் புதிய ஒருவரிடம் தன் காதைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை. நாங்கள் பேசிய எல்லாவற்றுக்கும் அடியில் இதுதான் இருந்தது. ஆனால் தொடக்கத்தில் இது வெளியே வரவில்லை.

வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு வரவேற்பு முகாம் இருப்பதாக அழைப்பு வந்தது. வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு நண்பகல் வரை, வளாகத்துக்கு வெளியே ஒரு முகாம் விடுதியில். நடத்துகிறவர்கள் மாணவர் சங்கத்தின் சீனியர்கள். கட்டாயம் இல்லை, ஆனால் இடம் குறைவு, ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ‘வாழ்நாள் நண்பர்களைச் சந்திக்க வாருங்கள்’ என்று அழைப்பில் எழுதியிருந்தது.

வீட்டில் மூன்று கருத்து. அம்மாவுக்குப் போகட்டும் என்று ஆசை. அப்பாவுக்கு இரவு தங்குவதில் தயக்கம். வேறொரு பல்கலைக்கழகத்தில் படித்த அண்ணன், ‘எனக்குக் கிடைச்ச எல்லா நண்பர்களும் அந்த ரெண்டு நாள்ல கிடைச்சவங்கதான், போகலைன்னா விட்டுப்போயிடும்’ என்று அடித்துச் சொன்னார். மாணவி காலையில் போகிறேன் என்பார், மாலையில் வேண்டாம் என்பார். உதவிப் பிரிவில் பெயர் பதிய வந்த அன்று, படிவத்தை நிரப்பி முடித்துவிட்டு எழுந்தவர் மறுபடி உட்கார்ந்து கேட்டார்: ‘மேடம், இதுக்குப் போகலைன்னா நான் தனியாயிடுவேனா?’

கேள்வியைப் பிரித்துப் பார்த்தது

அந்த ஒரு கேள்விக்குள் மூன்று பயங்கள் இருந்தன. முக்கியமான தகவல் ஏதாவது தவறிவிடுமோ என்பது ஒன்று. எல்லாரும் நண்பர்களாகிவிட்ட பிறகு தான் மட்டும் போய் நிற்க வேண்டியிருக்குமோ என்பது இரண்டாவது. மூன்றாவதைப் பேச்சின் பாதியில்தான் சொன்னார்: ‘காது விஷயத்தை யார்கிட்ட, எப்போ, எப்படிச் சொல்றதுன்னு தெரியல.’

முதல் பயத்தைத் தீர்ப்பது சுலபம். பதிவாளர் அலுவலகத்தில் கேட்டோம். சேர்க்கையை உறுதி செய்வது, அடையாள அட்டை, பாடத் தேர்வு, நூலகக் கணக்கு எல்லாம் வகுப்பு தொடங்கும் வாரத்தின் அதிகாரபூர்வ ஓரியண்டேஷனில்தான். முகாமில் நடப்பது எதுவும் படிப்புக்குத் தேவையானது இல்லை. அழைப்பில் இது ஒரு வரியாக இருந்திருந்தால் அந்த வீட்டில் பாதிக் கவலை அன்றே போயிருக்கும்.

நண்பர்கள் விஷயத்தில் அண்ணன் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. அவருக்கு அப்படித்தான் நடந்திருக்கிறது. இந்த முகாம்களுக்கு நீண்ட வரலாறும் உண்டு. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் புதியவர்களை வகுப்புக்கு முன் மலைப்பயணம் அழைத்துப்போகும் வழக்கம் 1935-இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. பயன் இல்லாத ஒன்று இத்தனை காலம் நிற்காது. ஆனால் ‘அந்த ரெண்டு நாள் போனால் போச்சு’ என்பதற்கு ஆதாரம் இல்லை. நட்புக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார். தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நண்பராக 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் ஒன்றாகக் கழிக்க வேண்டியிருக்கிறது என்பது அவருடைய கணக்கு. வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு நண்பகல் வரை தூங்கும் நேரத்தைக் கழித்தால் மிஞ்சுவது 30 மணி நேரத்துக்கும் குறைவு. முகாம் ஒரு தொடக்கத்தைத் தரும், அவ்வளவுதான். வகுப்பும் ஹாஸ்டலும் சேர்ந்து மீதியைத் தர வேண்டும்.

இதை ஒரு தாளில் கூட்டிக் காட்டியபோது மாணவி முகம் தெளிந்தது. ‘அப்போ இது முதல் அத்தியாயம் மட்டும்தான்’ என்றார்.

மூன்றாவது பயத்துக்குக் கணக்கு உதவாது. அதற்கு நிகழ்ச்சி நிரலைக் கையில் எடுக்க வேண்டியிருந்தது.

நிகழ்ச்சி நிரலில் கண்டது

அழைப்போடு வந்தது வெறும் தலைப்புகள்: அறிமுக விளையாட்டு, தீமூட்டு இரவு, நடைப்பயணம், துறைவாரிச் சந்திப்பு, இசை இரவு, நிறைவு. மணிக்கு மணி என்ன நடக்கும், எத்தனை பேர், எங்கே, வெளிச்சம் இருக்குமா என்பதுதான் எங்களுக்குத் தேவை. முந்தைய ஆண்டு போன இரண்டு மாணவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டோம்.

வெள்ளி மாலை 120 பேர் ஒரு கூடத்தில் பெரிய வட்டமாக நின்று பெயர் சொல்வார்கள். ஒலி பரவும்போது தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் குறைகிறது. கூடத்தில் எதிரொலி வேறு. காதுக்கருவி பேச்சை மட்டும் உயர்த்தித் தருவதில்லை, சுற்றியிருக்கும் இரைச்சலையும் சேர்த்தே தருகிறது. ஓரிரண்டு மீட்டருக்குள் அது நன்றாக உழைக்கும். வட்டத்தின் எதிர்முனையில் நிற்பவரின் பெயர் அவருக்கு எட்டாது.

அன்று இரவு நெருப்பைச் சுற்றிக் கதை சொல்வார்கள். இருட்டில் உதடு தெரியாது. வெளிச்சத்திலேயே உதட்டை மட்டும் வைத்துப் பாதிகூடப் பிடிக்க முடியாது, ப-வும் ம-வும் பார்வைக்கு ஒன்றுதான். மீதியைச் சூழலை வைத்து ஊகிக்க வேண்டும், அந்த ஊகம்தான் ஆளைக் களைப்பாக்குகிறது. ஒரு நாள் முழுக்க அப்படிக் கேட்டபின் வரும் சோர்வு உடலுழைப்புக்கு நிகரானது என்று கேளாமை உள்ளவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கேட்கிறவர்கள் இதைக் கூச்சம் என்றோ ஒட்டாமை என்றோ எடுத்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை வேறு மாதிரி. பத்துப் பத்துப் பேராகப் பிரிந்து பகல் நடைப்பயணம், சிறு குழு வேலைகள். பிற்பகலில் அதே துறையில் சேர்கிறவர்கள் இருபது இருபத்தைந்து பேர் மட்டும் ஓர் அறையில் சந்திப்பார்கள். அவர்களோடுதான் அவர் தினமும் வகுப்பில் உட்காரப்போகிறார்.

நாங்கள் முதலில் நினைத்தே பார்க்காத ஒன்றை அம்மா எடுத்துச் சொன்னார். தூங்கும்போது கருவியைக் கழற்றி சார்ஜ் போட வேண்டும். கழற்றிவிட்டால் தீ எச்சரிக்கை மணி அவளுக்குக் கேட்காது. வீட்டில் யாராவது எழுப்புவார்கள். எட்டுப் பேர் படுக்கும் முன்பின் தெரியாத அறையில் யார் எழுப்புவது? அப்பாவின் தயக்கத்துக்கும் காரணம் இதுதான், அதுவரை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அமைப்பாளர்களுக்கு எழுதியது

கடிதத்தை மாணவியே எழுத வேண்டும் என்று முடிவு செய்தோம். நான் எழுதினால் பிரிவிலிருந்து போகும் ஆணை மாதிரி இருக்கும். அவர் எழுதினால், முதல்முறையாகத் தன் தேவையைத் தானே சொன்னதாகவும் ஆகும். கடிதம் சுருக்கம். தனக்கு என்ன கேட்கும், என்ன கேட்காது என்று இரண்டு வரி. அப்புறம் கேள்விகள்: கூடத்தில் மைக் உண்டா, எல்லாரும் அதில்தான் பேசுவார்களா? தங்கும் அறையில் படுக்கையருகே மின்சார இணைப்பு உண்டா, ஒளியால் எச்சரிக்கும் மணி உண்டா? சனிக்கிழமை மட்டும் வரலாமா? குழுவில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் முன்கூட்டியே கிடைக்குமா?

பொறுப்பாளராக இருந்த மூன்றாமாண்டு மாணவி உடனே போனில் அழைத்தார். போனில் தெளிவாகக் கேட்காது, எழுதி அனுப்புங்கள் என்று இவர் செய்தி அனுப்பினார். அன்று மாலையே விவரமாகப் பதில் வந்தது. கையில் பிடிக்கும் மைக் ஒன்று இருக்கிறது, அதில் பேசச் சொல்கிறோம். ஒளி எச்சரிக்கை இல்லை, அறைத்தோழி ஒருவரிடம் சொல்லி வைக்கலாம். ஒரு நாள் மட்டும் வரக்கூடாது என்று விதி இல்லை, ஆனால் பேருந்து வெள்ளியும் ஞாயிறும் மட்டும்தான். பெயர்ப் பட்டியல் தருகிறோம். கடைசியில், வெள்ளி இரவு எல்லார் முன்னாலும் உங்களைப் பற்றி அறிவித்துவிடட்டுமா என்று கேட்டிருந்தார்.

நல்ல மனதோடு கேட்டதுதான். மாணவி வேண்டாம் என்றார். தன்னை இன்னும் பார்க்காத 120 பேருக்கு முதலில் தன் காது அறிமுகமாவதை அவர் விரும்பவில்லை. நான் முழுக்க அவர் பக்கம். யாரிடம் சொல்வது என்பது அவருடைய உரிமை. அமைப்பாளர்கள் ஏற்பாட்டைச் செய்ய அறிவிப்பு தேவையில்லை. ‘எல்லாரும் மைக்கில் பேசுங்கள்’ என்பதற்குக் காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை.

முடிவும் காரணமும்

முழு முகாம், போகாமல் இருப்பது, சனிக்கிழமை பகல் மட்டும் என்று மூன்று வழிகள் இருந்தன. மூன்றாவதை எடுத்தார்.

அவருக்கு அதிகம் பயன்படும் இரண்டும், அதாவது சிறு குழுவும் துறைச் சந்திப்பும், சனிக்கிழமைப் பகலில் வந்தன. கேட்பதற்கு மிகக் கடினமானவை எல்லாம் இரவில். தூங்கும்போது பாதுகாப்புக்கு, அறிமுகமில்லாத ஒரு தோழியின் நினைவை நம்புவது போதாது என்று நானும் பெற்றோரும் கருதினோம். தலையணைக்கடியில் வைத்தால் அதிர்ந்து எழுப்பும் கருவி உண்டு. ஆனால் அதை விடுதியின் எச்சரிக்கை அமைப்போடு இணைக்க வேண்டும், அதற்கு நாள் இல்லை. அப்பா வண்டியில் கொண்டுபோய் விட்டு மாலையில் அழைத்து வருவதாகச் சொன்னார்.

இழப்பு என்ன என்பதையும் எழுதி வைத்தோம். வெள்ளி இரவுதான் பெயர்கள் பழகும் இரவு. மறுநாள் போகும்போது மற்றவர்கள் ஒரு படி முன்னால் இருப்பார்கள். அதற்குப் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டார். குழுவில் சொல்ல ஒரு வாக்கியத்தையும் தயார் செய்தார். பல விதமாக எழுதிப்பார்த்துக் கடைசியில் நின்றது இது: ‘எனக்குக் காது கொஞ்சம் மந்தம். முகத்தைப் பார்த்து, சாதாரணமா பேசினா புரிஞ்சிடும். புரியலைன்னா திரும்பக் கேட்பேன்.’ மன்னிப்புக் கேட்கும் தொனி அதில் இல்லாதது எனக்குப் பிடித்தது.

முகாம் நாளில்

போய்ச் சேர்ந்த முதல் ஒரு மணி நேரம் கஷ்டமாக இருந்தது. குழுவில் மற்ற ஒன்பது பேருக்கும் இரவோடு இரவாகப் பட்டப்பெயர்கள் வந்திருந்தன. மனப்பாடம் செய்த பட்டியலில் இருந்த பெயர்களை யாரும் கூப்பிடவே இல்லை. நடைப்பயணம் தொடங்கும் முன் எல்லாரும் வட்டமாக நின்ற ஒரு நிமிடத்தில் தன் வாக்கியத்தைச் சொன்னார். ஒரு பையன் உடனே காதுக்கருகில் வந்து கத்திப் பேசத் தொடங்கினான். கத்தினால் உதட்டின் வடிவம் கோணிப்போய் இன்னும் புரியாது. ‘கத்த வேண்டாம், முன்னாடி வா போதும்’ என்றார். அதன்பின் அவன் சரியாகப் பேசினான். இன்னொரு பெண், ‘எந்தப் பக்கம் நடந்தா உனக்கு நல்லது?’ என்று கேட்டாள். வரிசையாகப் போகும் ஒற்றையடிப் பாதையில் முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும் என்பதால் அங்கே அவர் பேச்சை விட்டுவிட்டு நடந்தார். பாதை அகலமான இடங்களில் இருவர் இருவராகப் பேச முடிந்தது.

துறைச் சந்திப்பில் மைக் முதல் இருபது நிமிடம் கைமாறியது. பேச்சு சூடுபிடித்ததும் மேசையில் கிடந்தது. வந்திருந்த ஆசிரியர் ஒருவர் அதைக் கவனித்து, ஒன்றும் விளக்காமல், அடுத்துப் பேசியவர் கையில் எடுத்துக் கொடுத்தார். மறுபடி சுற்றியது.

நான்கு மணி வாக்கில் களைத்துப்போனார். இதை எதிர்பார்த்து, தனியே உட்கார ஓர் இடம் முன்பே கேட்டு வைத்திருந்தோம். கருவிகளைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஆறு மணிக்கு அப்பா வந்தார்.

இரவில் வாட்ஸ்அப் குழுவில் இசை நிகழ்ச்சியின் வீடியோக்கள் வந்து குவிந்தன. எனக்கு எழுதினார்: ‘இருந்திருக்கலாமோன்னு தோணுது மேடம்.’ அந்த ஏக்கம் நியாயமானது. நல்ல காரணங்களோடு விட்டுவந்தது என்பதால் விட்டது வலிக்காமல் போய்விடாது. அப்படியே பதில் எழுதினேன், முடிவு சரிதான் என்று வாதாடவில்லை.

முதல் பருவத்தில்

முதல் வாரம் முகாம் குழுவிலிருந்த மூன்று பேர் வகுப்பில் அவரைப் பார்த்துக் கை காட்டினார்கள், முன்வரிசையில் கூட உட்கார்ந்தார்கள். தெரிந்த முகம் என்பது அந்த வாரத்தில் பெரிய விஷயம். பருவத்தின் நடுவில் வாட்ஸ்அப் குழு அடங்கிவிட்டது. ஒன்பது பேரில் இரண்டு பேர் நண்பர்களாக நிலைத்தார்கள்.

அவருக்கு மிக நெருக்கமான தோழி முகாமுக்கே வராதவர். பகுதிநேர வேலையை விட முடியாமல் வரவில்லை. ஆய்வகத்தில் பக்கத்து மேசை, அப்படித்தான் பழக்கம். ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் மிட்யா பாக்கும் சக ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வருகிறது. புதிய மாணவர்களுக்கு முதல் கூட்டத்தில் குலுக்கலாக இருக்கை கொடுத்தார்கள். ஓராண்டுக்குப் பின், அன்று அருகருகே உட்கார்ந்தவர்களிடையே நட்பு கூடுதலாக இருந்தது. யார் பக்கத்தில் திரும்பத் திரும்ப உட்காருகிறோம் என்பது இவ்வளவு பேசுகிறது.

அந்தத் தோழி சொன்னதை இவர் என்னிடம் சொன்னார். முகாமுக்குப் போன எல்லாரும் ஏற்கெனவே ஒரு கூட்டமாகிவிட்டார்கள் என்று நினைத்து முதல் இரண்டு வாரம் யாரிடமும் பேசாமல் இருந்தாராம். போனவர்களோ, எல்லாரும் தன்னைவிட நெருக்கமாக இருப்பதாக நினைத்தார்கள். உளவியல் ஆய்வாளர் எரிக்கா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2018-இல் காட்டியது இதையொட்டியதுதான்: முதல்முறை பேசிப் பிரிந்தவர்கள், எதிராளிக்குத் தம்மை உண்மையில் பிடித்த அளவைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஒரே விடுதியில் தங்கிய முதலாண்டு மாணவர்களிடம் அந்த எண்ணம் மாதக்கணக்கில் நீடித்தது.

எங்கள் கணக்கில் வராத பயன் ஒன்று வகுப்பறையில் தெரிந்தது. ஒரு விரிவுரையாளர் பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தினார். இரண்டாவது வாரமே இவர் நேரில் போய், முகாமில் சொன்ன அதே வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லி, மைக் போட்டுக்கொள்ளச் சொன்னார். இதே நிலையில் முதல் பருவம் முழுக்க வாய் திறக்காமல் இருந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். சொல்லிப் பழக அந்தச் சனிக்கிழமை இடம் கொடுத்தது.

இனி மாற்றிச் செய்வது

முகாம் அழைப்பில் நான்கு தகவல்கள் இருக்க வேண்டும் என்று மாணவர் சங்கத்திடம் கேட்டோம்: கட்டாயமான எதுவும் முகாமில் நடக்காது, ஒரு நாள் மட்டும் வரலாம், நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி எத்தனை பேர் எங்கே எந்த வெளிச்சத்தில், உதவி தேவைப்பட்டால் யாருக்கு எழுத வேண்டும். நான்கும் அடுத்த அழைப்பில் வந்துவிட்டன. சனிக்கிழமை காலை ஒரு பேருந்து விட முடியுமா என்று பார்க்கிறார்கள். அது வந்தால் வண்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்த மூன்றாவது வழி திறக்கும். இந்த மாணவிக்கு அது கிடைத்ததற்கு அப்பாவிடம் வண்டி இருந்தது ஒரு காரணம் என்பதை மறைப்பதற்கில்லை.

அதிர்வு எச்சரிக்கைக் கருவியைப் பிரிவே வாங்கி வைத்திருக்கிறது. முகாம் விடுதியின் அமைப்போடு அது இணைகிறதா என்று முன்னதாகவே போய்ச் சோதிப்போம். இணைந்தால், இரவு தங்கலாமா என்ற கேள்விக்கு அடுத்த மாணவர் வேறு பதில் எடுக்கலாம்.

முகாமுக்கு வராதவர்களைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருந்தது. ஓரியண்டேஷனின் முதல் நாளில் துறைவாரியாகச் சிறு குழுக்களில் பெயர் அறிமுகத்தை மறுபடி முதலிலிருந்து நடத்த இரண்டு துறைகள் ஒப்புக்கொண்டன. முகாம் பட்டப்பெயர்களை அன்று ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

தீமூட்டு இரவுக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி கைவிளக்கு ஒன்றைச் சுற்றிவிடலாம் என்று அந்த மூன்றாமாண்டு மாணவி யோசனை சொன்னார். அடுத்த முகாமில் செய்துபார்த்துவிட்டு, வந்தவர்களிடம் கேட்டு முடிவு செய்வோம்.